இரட்டைக் கண்ணாடிச் சாளரம்: லேயும் கலூரும்

பொது மின்கம்பியை நாடாத வீட்டில் மின்சாரம் அளந்து செலவிட வேண்டிய பொருளாகும். பகலில் சூரியப் பலகைகள் ஈட்டியதையே இரவில் பாட்டரி திருப்பித் தரும். அதற்கு மேல் ஒரு யூனிட்டும் கிடைப்பதில்லை. ஆதலின், இத்தகைய வீட்டில் வாழ்வோர் வெப்பத்தையோ குளிர்ச்சியையோ வீணாக்காத வழிகளை முதலில் தேடுகின்றனர். ஏற்கெனவே உள்ள சாளரத்தில் இரண்டாவது கண்ணாடி ஒன்றைப் பொருத்துவது அவ்வழிகளுள் ஒன்று. லடாக்கின் லே நகரில் பயன் தரும் இம்முறை, கொச்சியைச் சேர்ந்த கலூரிலும் அவ்வாறே பயன்படுமா என்பது ஆராயத்தக்கது.

அசையாக் காற்றின் பணி

கண்ணாடி வெப்பத்தை எளிதில் கடத்தும் பொருள். அசையாது நிற்கும் காற்றோ அதைவிட ஏறத்தாழ 40 மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே இரட்டைச் சாளரத்தில் காப்பாக நிற்பது இரண்டாம் கண்ணாடியன்று. இரு கண்ணாடிகளுக்கிடையே அடைபட்ட காற்றே ஆகும். இடைவெளி 12 முதல் 16 மில்லிமீட்டர் வரை இருத்தல் நலம். அதனினும் குறுகினால் காப்பு குறையும். மிக அகன்றால் உள்ளிருக்கும் காற்று மேலும் கீழுமாகச் சுழன்று வெப்பத்தைச் சுமந்து செல்லும். இக்கருத்து புதியதன்று, அமெரிக்காவில் ஸ்டெட்ஸன் என்பவர் 1865-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்.

சாளரத்தின் இருபுறமும் ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாடு இருக்குமாயின், ஒற்றைக் கண்ணாடியின் ஒரு சதுர மீட்டர் பரப்பு வழியே ஏறக்குறைய 5.8 வாட் வெப்பம் கடந்து செல்லும். இரட்டைக் கண்ணாடியில் இது ஏறக்குறைய 2.8 வாட்டாகக் குறைகிறது. வேறுபாடு எத்தனை டிகிரியோ அத்தனை மடங்கு மிச்சமும் பெருகும். இவ்வொரு விதியே முழு விஷயத்தையும் தெளிவாக்கப் போதுமானது.

லேயில் கிட்டும் மிச்சம்

லே நகரம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. 2019-ஆம் ஆண்டு ஸ்ரீநகர்–லே உயர் அழுத்த மின்பாதை தொடங்கப்பெறும் வரை, லடாக் நாட்டின் பொது மின்தொடரோடு இணைக்கப்படவில்லை. விறகும் சாண வறட்டியுமே அங்கு நெடுங்காலம் குளிர் காய உதவின.

அங்கு 1.2 மீட்டர் அகலமும் அதே உயரமும் கொண்ட ஒரு சாளரத்தைக் கொள்வோம். அறையினுள் 15 டிகிரி சென்டிகிரேடு. வெளியே பூஜ்யத்திற்குக் கீழே 10 டிகிரி. வேறுபாடு 25 டிகிரி. ஒற்றைக் கண்ணாடி வழியே சுமார் 209 வாட் வெளியேறும்; இரட்டைக் கண்ணாடி வழியே சுமார் 101 வாட். 14 மணி நேர இரவில் ஒரே சாளரத்தால் ஏறத்தாழ 1.5 யூனிட் வெப்பம் மிஞ்சுகிறது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட பாட்டரி முழுவதும் 1.2 யூனிட்டே கொள்ளும் என்பதை நோக்கினால் இம்மிச்சத்தின் அருமை விளங்கும்.

லேயை அடுத்த ஃபே என்னுமிடத்தில், 1988-இல் தோன்றிய செக்மோல் என்னும் கல்வி இயக்கத்தின் வளாகம் உள்ளது. அதன் மண் கட்டடங்கள் தெற்கு நோக்கியவை. பகலில் சாளரங்கள் வழியே புகும் வெயிலைத் தடித்த சுவர்களும் தரையும் சேமித்து இரவில் வெளியிடுகின்றன. சேமித்த வெப்பம் தப்பிச் செல்லாமல் காப்பதே குளிர்நாட்டுச் சாளரத்தின் கடமை.

பொருத்தும் முறை

பழைய சாளரத்தைப் பெயர்க்க வேண்டியதில்லை. முதலில் சட்டத்தின் சந்துகளை அடைத்துக் காற்று ஒழுகாமல் செய்தல் வேண்டும். பின்னர் உட்புறத்தில் மெல்லிய மரச்சட்டம் ஒன்றில் கண்ணாடியையோ அக்ரிலிக் தகட்டையோ பதித்து, ரப்பர் பட்டையுடன் திருகாணியால் இறுக்கலாம். ஈரமற்ற நாளில் இரு பரப்புகளையும் துடைத்த பின்னரே மூடுதல் நன்று. துப்புரவுக்காகக் கழற்றக்கூடியதாகவும் அது இருத்தல் வேண்டும்.

குளிர்நாட்டில் அறையின் ஈரக்காற்று இடைவெளியில் புகுந்தால் வெளிக்கண்ணாடியில் நீர் படியும். ஆதலின் உட்புறக் கண்ணாடியே மிக இறுக்கமாக அமைய வேண்டும். வெளிச்சட்டத்தின் அடியில் சிறு துளை விடுவதும் உதவும்.

கலூரின் நிலை

கலூரில் வாழும் ஒருவர் சூரியப் பலகைகளையும் பாட்டரியையும் மட்டும் நம்பி, குளிர்சாதனம் இன்றி வாழ எண்ணுகிறார் எனக் கொள்வோம். அவ்வீட்டில் உள்ளும் புறமும் வெப்பநிலை வேறுபாடு 3 டிகிரி அளவே இருக்கும். முன்கூறிய அதே சாளரத்தில் ஒற்றைக் கண்ணாடி வழியே 25 வாட்டும், இரட்டைக் கண்ணாடி வழியே 12 வாட்டுமே கடக்கும். மிச்சம் 13 வாட்.

ஆனால் மாலை வெயில் மேற்குச் சாளரத்தில் சதுர மீட்டருக்கு 500 வாட் வீதம் விழுமாயின், ஒற்றைக் கண்ணாடி சுமார் 600 வாட்டை அறைக்குள் விடும். தெளிந்த இரட்டைக் கண்ணாடியும் சுமார் 550 வாட்டை விடும். அங்கு பகையாவது வெயிலே. அதனைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுத்தல் வேண்டும். மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் நீண்டு தாழ்ந்த ஓட்டு இறவாரமும், காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் மரப்பட்டிச் சாளரமும் இப்பணியைச் செய்தன.

இரண்டாவது கண்ணாடி காற்றையும் அடைத்துவிடும். ஈரம் மிகுந்த கடற்கரையில் வியர்வை உலரக் காற்றோட்டம் இன்றியமையாதது. குடியிருப்புகளுக்கென மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா இதனை ஏற்கிறது. திறக்கத்தக்க சாளரப் பரப்பு, வெப்ப ஈரப் பகுதியில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும், குளிர்ப்பகுதியில் பன்னிரண்டில் ஒரு பங்கேனும் இருக்குமாறு அது விதிக்கிறது.

எனவே கலூர் வீட்டுக்காரர் அப்பணத்தை வெளி மறைப்புக்கும் நல்ல மின்விசிறிக்கும் செலவிடுதல் மேல். 75 வாட் கொள்ளும் பழைய விசிறிக்குப் பதில் 30 வாட் கொள்ளும் புதுவகை விசிறி 10 மணி நேரம் சுழன்றால், பாட்டரியில் 0.45 யூனிட் மிஞ்சும்.

பள்ளியில் ஒரு சோதனை

ஒரே அளவான இரு கண்ணாடித் தம்ளர்களில் சமமாக வெந்நீர் ஊற்றுக. ஒன்றைத் தக்கைத் துண்டின்மேல், பெரிய தம்ளர் ஒன்றினுள் பக்கங்கள் தொடாமல் நிறுத்துக. இரண்டையும் அட்டையால் மூடி, ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்க. காற்றுறை கொண்ட தம்ளர் மெதுவாக ஆறும். பிறகு அறையைவிட 3 டிகிரியே மிகுந்த நீரைக் கொண்டு இதனைத் திரும்பச் செய்க. இப்போது இரண்டிற்கும் வேறுபாடு காண்பது அரிது. முதற் சோதனை லேயைக் காட்டும். இரண்டாவது கலூரைக் காட்டும்.

சாளரத்தைப் பற்றி யோசனை கேட்டு வருவோரிடம் களப்பணியாளர் முதலில் வினவ வேண்டியவை இரண்டு: உள்ளும் புறமும் எத்தனை டிகிரி வேறுபாடு? சாளரத்தில் எந்நேரம் வெயில் விழுகிறது? இவற்றின் விடை தெரிந்த பின்னரே கண்ணாடி வாங்குவது பற்றிப் பேசுதல் தகும்.