தஞ்சோங் ரம்புத்தான்: ஊர்ப்பெயர் உணர்த்தும் மரபு

தஞ்சோங் ரம்புத்தான் என்னும் பெயரைக் கேட்டதும் நம் நாட்டில் பலர் நகைப்பர். 1911ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கப்பெற்ற மனநல மருத்துவமனையே அதற்குக் காரணம். நோயுற்றோர்க்குப் புகலிடம் தந்த ஊரின் பெயர் மாணவரிடையே ஏச்சுச் சொல்லாக வழங்குவது மொழிக்கு நேர்ந்த இழுக்காகும். ஆகவே, அவ்வூரை அதன் பெயர்வழியாகவே மீண்டும் காண முற்படுவோம்.

மலாய் மொழியில் 'தஞ்சோங்' என்பது நீரை நோக்கி நீண்டிருக்கும் நிலமுனையைக் குறிக்கும். 'ரம்புத்தான்', மயிர் எனப் பொருள்படும் 'ரம்புட்' என்னும் சொல்லடியாகப் பிறந்த கனியின் பெயர். ஆறும் மரமும் சேர்ந்து அமைந்த பெயர் இது. அந்த ஆறு கிந்தா. அதன் மேற்பகுதியில் தேக்கப்படும் நீரே ஈப்போ வட்டாரத்துக்குக் குடிநீராகிறது. உலு கிந்தா மலைப்பகுதியில் 2,183 மீட்டர் உயரமுள்ள கொர்பு மலை எழுந்து நிற்கிறது. அருகிலுள்ள தம்புனில், சுண்ணாம்புப் பாறைமுகத்தில் முற்கால மாந்தர் செங்காவியால் தீட்டிய ஓவியங்கள் 1959இல் வெளியுலகுக்குத் தெரியவந்தன.

உலு கிந்தா மலைகளில் தெமியார், செமாய் முதலிய பூர்வகுடியினர் நெடுங்காலமாக வாழ்கின்றனர். அவர்தம் மொழிகள் மலாய்க் குடும்பத்தைச் சார்ந்தவையல்ல. ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தின் அஸ்லியான் கிளையைச் சார்ந்தவை. ஈப்போ நகரின் பெயருக்கும் அவர்தம் வாழ்வுக்கும் தொடர்புண்டு. ஈப்போ என்பது நச்சுப்பால் சுரக்கும் ஒரு மரம். அப்பாலை ஊதுகுழல் அம்பின் நுனியில் பூசி அவர்கள் வேட்டையாடினர். ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவி வாழ்ந்த நம் முன்னோர்க்கு அண்மையிலேயே, மரப்பாலின் வேறொரு பயனை அறிந்த மக்கள் வாழ்ந்துள்ளனர்.

இம்மக்களை முன்னாளில் பிறர் 'சாக்காய்' என்றழைத்தனர். அடிமை என்னும் இழிபொருள் தோய்ந்த அச்சொல் இன்று விலக்கப்பட்டுவிட்டது. 'ஓராங் அஸ்லி', அதாவது மண்ணின் மூலக்குடியினர், என்பதே இன்றைய வழக்கு. தெமியாரையும் செமாயரையும் உள்ளடக்கிய பிரிவுக்குச் 'செனோய்' என்று பெயர். அவர்தம் மொழியில் அதன் பொருள் 'மனிதர்' என்பதே. பிறர் அடிமை என்றழைத்த மக்களுக்கு, அவர்தம் சொந்தச் சொல் மனிதர் என்னும் பெயரைத் தந்திருக்கிறது.

ஒருவரை எப்பெயரால் அழைக்கிறோமோ அப்பெயரின் அளவிலேயே அவரைக் காண்கிறோம். ஊருக்கும் இது பொருந்தும். ஆசிரியர்கள் தத்தம் வட்டார ஊர்ப்பெயர்களின் பொருளை மாணவரைக் கொண்டு தேடித் தொகுக்கச் செய்யலாம். ஆற்றையும் மரத்தையும் குடிமக்களையும் பெயரின் பொருளோடு அறிந்த மாணவர், அப்பெயரை ஏச்சுக்குப் பயன்படுத்தத் தயங்குவர். அத்தயக்கமே மரபைப் போற்றுதலின் முதற்படி எனக் கருதுகிறோம்.