கடல் மீன் தொட்டிகளுக்கு இரவு வெளிச்சம்

பயிர் வளர்வதற்கு வெளிச்சம் வேண்டும் என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். இருளும் வேண்டும் என்பதை வயலே சில வேளைகளிற் காட்டிவிடுகின்றது. பகலின் நீளத்துக்கேற்பப் பூக்கும் பழைய நெல்லினங்கள், வீதி விளக்கின் ஒளி இரவு முழுவதும் விழும் மூலையிற் கதிர் தள்ளப் பிந்துகின்றன. சுற்றிலுமுள்ள பயிர் முற்றிய பின்னரும் அம்மூலை பச்சையாகவே நிற்கும். கண்ணாடித் தொட்டியில் வாழும் கடல் மீன்களுக்கும் இருள் இவ்வாறே இன்றியமையாதது. அழகுக்காகவோ விற்பனைக்காகவோ அவற்றை வளர்க்க முற்படுவோர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் கடல் அலங்கார மீன்களிற் பெரும்பாலானவை முருகைக்கற் பாறைகளிற் சுழியோடிகளாற் பிடிக்கப்படுபவை. ஆகவே, தொட்டியில் ஒரு மீன் வீணே இறப்பின் வளர்ப்போரின் பணத்துடன் கடலின் செல்வமும் குறைகின்றது.

மீன்களும் உறக்கமும்

இம்மீன்களுக்குக் கண்ணிமை இல்லை. ஆதலால் வெளிச்சத்தைத் தாமாகத் தடுத்துக்கொள்ள இயலாது. இருள் சூழ்ந்ததும் அவற்றின் உடலில் மெலற்றோனின் என்னும் ஓமோன் மிகுதியாகச் சுரந்து, இரவு வந்ததை உடலுக்கு உணர்த்துகின்றது. கிளிமீன்களுட் சில, சளியினால் உடலைச் சுற்றி உறையொன்று அமைத்து அதனுள் உறங்கும். வேறு சில இனங்கள் மணலிற் புதைந்துகொள்ளும். இரவு முழுவதும் விளக்கெரிந்தால் இவ்வொழுங்கு குலைகின்றது. இளைப்பாறாத மீன் சோர்ந்து, நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும்.

இனப்பெருக்கத்தில் நட்டம் இன்னும் தெளிவானது. கோமாளி மீனின் முட்டைகள் பொழுது சாய்ந்து இருள் பரவிய பின்னரே பொரிக்கும். 2019ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் வெளியிட்ட பரிசோதனையில், இரவில் விளக்கொளி பட்ட முட்டைகளுள் ஒன்றேனும் பொரிக்கவில்லை. விளக்கை அகற்றிய பின்னர் பொரித்தல் வழமைக்குத் திரும்பியது. தொட்டியிற் குஞ்சு பெற விரும்புவோருக்கு இஃது ஓர் எச்சரிக்கையாகும்.

இரவிற் காற்றோட்டம்

தொட்டியிலுள்ள அல்காக்கள் பகலில் ஒட்சிசனை வெளிவிடும். இரவில் அவையும் மீன்களைப்போல ஒட்சிசனை உட்கொண்டு காபனீரொட்சைட்டை வெளிவிடும். கடல்நீரோ நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவாகவே ஒட்சிசனைத் தாங்கும். ஆகவே விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து நிற்பின், காற்றுப்பம்பி போதாதென்று அறிதல் வேண்டும். இதற்குப் பரிகாரம் இரவில் விளக்கை எரியவிடுவதன்று. நீரை நன்கு அசையச் செய்வதே. விளக்கை அணைக்கும்போது பம்பியையும் நிறுத்துவது பெருந்தவறாகும். மின்வெட்டு நேரத்துக்கென மின்கலத்தில் இயங்கும் சிறு பம்பியொன்றைக் கைவசம் வைத்திருத்தல் நன்று.

செய்யவேண்டியவை

1. நாளொன்றுக்கு 10 முதல் 12 மணித்தியாலம் மட்டுமே பெருவிளக்கை எரித்தல் வேண்டும். இலங்கைக் கடலிலும் ஆண்டு முழுவதும் பகற்பொழுது 12 மணித்தியாலத்தை ஒட்டியே உள்ளது. நாள்தோறும் ஒரே வேளையில் ஏற்றி அணைக்க, நேரக்கட்டுப்பாட்டு ஆளி உதவும்.

2. பேரொளியிலிருந்து திடீரெனக் காரிருளாக்கினால் மீன்கள் வெருண்டு கல்லிலும் கண்ணாடியிலும் மோதும். மாலையில் தொட்டி விளக்கை முதலில் அணைத்து, அரை மணித்தியாலத்தின் பின் அறை விளக்கை அணைக்குக. காலையில் அறை விளக்கை முதலில் ஏற்றுக.

3. நிலவொளிபோல் நீல எல்.ஈ.டி. விளக்குப் பொருத்த விரும்பின், மிகச் சிறியதொன்றே போதும். நண்பகற் சூரியனின் ஒளி முழுநிலவின் ஒளியிலும் ஏறக்குறைய 4 இலட்சம் மடங்கு வலியது என்பதை நினைவிற் கொள்க. இவ்விளக்கையும் ஓரிரு மணித்தியாலத்தின் பின் அணைத்துவிடுதல் நலம். மீனுக்கு முழு இருளால் தீங்கில்லை.

4. இரவில் மீன்களைப் பார்வையிட நேர்ந்தால், மின்சூளின் முகப்பிற் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்க. முருகைக்கற் பாறைகளில் வாழும் மீன்களிற் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பொளி மங்கலாகவே தெரியும்.

5. வெருண்ட மீன் வெளியே பாயாதபடி தொட்டியின் வாயை வலையால் மூடுக.

6. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். மின்கம்பியிற் சொட்டும் நீர் மின்செருகியை அடையாதவாறு, கம்பி சற்றுத் தாழ்ந்து வளைந்து பின் மேலேறும்படி அமைத்தல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. இரவெல்லாம் எரியும் விளக்கை அணைப்பதால் மின்சாரச் செலவும் குறைகின்றது. நாற்றுக்கு நீர் பாய்ச்சும் வேளையும் வடிக்கும் வேளையும் அறிந்து நடக்கும் கமக்காரருக்கு, தொட்டிக்கு ஒளி கொடுக்கும் வேளையையும் மறைக்கும் வேளையையும் கடைப்பிடிப்பது அரிதன்று.