கிலுகிலுப்பைப் பாம்பும் மனிதரின் அச்சமும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். அச்சம் மனிதனைக் காக்கும் என்பது உண்மையே. ஆயின், அளவு கடந்த அச்சம் ஓர் உயிரினத்தின் குலத்தையே அழித்துவிடவுங் கூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் காடுகளில் வாழும் கிலுகிலுப்பைப் பாம்பின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இது விரியன் குலத்தைச் சேர்ந்த நச்சுப் பாம்பு. 3 முதல் 5 அடி வரை வளர்வது. இதன் வால் நுனியில், நகம் போன்ற பொருளாலான பொள்ளல் வளையங்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுள்ளன. தோலுரிக்குந்தோறும் ஒரு வளையம் கூடும். பகை நெருங்குங்கால் பாம்பு வாலை விரைந்து அசைக்க, வளையங்கள் மோதி ஒலி எழும். அவ்வொலி, தாக்குவதற்கு அறைகூவல் அன்று. “விலகிச் செல்க” என்னும் எச்சரிக்கையே. பாம்பு பெரும்பாலும் அசையாது மறைந்து கிடக்கவே விரும்பும். அதைப் பிடிக்கவோ கொல்லவோ முனைவோரே பல வேளைகளிற் கடிபடுகின்றனர்.

இப்பாம்பு முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுவது. குளிர்மிக்க வடகிழக்குப் பகுதியிலே பெண் பாம்பு தாயாவதற்கு 7 முதல் 10 ஆண்டுகள் வரை செல்லும். அதன் பின்னரும் 3 அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஈனும். ஆதலால் ஒரு தாய்ப் பாம்பைக் கொல்வது பல ஆண்டுகளின் பெருக்கத்தை ஒருங்கே அழிப்பதாகும். மேலும், பனிக்காலத்தில் இவை பல சேர்ந்து ஒரே பாறைப் பிளவில் உறங்கும். ஆண்டுதோறும் அதே இடத்துக்கு மீளும். அவ்விடத்தை அறிந்த ஒருவன் ஒரே நாளில் ஒரு கூட்டத்தையே ஒழித்துவிடலாம். முற்காலத்தில் நியூ இங்கிலாந்தின் ஊர்கள் பல, கொன்ற பாம்புக்குப் பரிசுப் பணமும் வழங்கின. இவற்றின் பயனாக மேயின், றோட் ஐலன்ட் ஆகிய மாநிலங்களில் இவ்வினம் அற்றே போயிற்று. மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஏறத்தாழ 200 பாம்புகளே எஞ்சியிருப்பதாக 2016ஆம் ஆண்டளவில் மதிப்பிடப்பட்டது.

அம்மாநிலத்திலே இப்பாம்பைக் கொல்வதும் பிடிப்பதும் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. 2016ஆம் ஆண்டில், வனவிலங்குத் துறையினர் புதியதொரு முயற்சியை முன்வைத்தனர். பொஸ்ரன் நகருக்கு நீர் வழங்கும் குவாபின் நீர்த்தேக்கத்தில், பொதுமக்கள் செல்லாத சீயோன் மலைத் தீவு உளது. விலங்குக் காட்சிச்சாலையில் வளர்த்த இளம் பாம்புகளைச் சிறுதொகையாக அங்கு விடுவதே அத்திட்டம். செய்தி பரவியதும் மக்கள் கலங்கினர். பாம்புகள் நீந்திக் கரையேறுமே, உலாவச் செல்வோரைக் கடிக்குமே என்று கூட்டங்களிலே குரல் எழுப்பினர். எதிர்ப்பு வலுக்கவே, 2017ஆம் ஆண்டில் திட்டம் நிறுத்தப்பட்டது.

மக்களின் அச்சத்தை அறியாமை என்று எள்ளுவது முறையன்று. இப்பாம்பு நீந்தும் என்பதும், அதன் நஞ்சு உயிருக்கு ஊறு செய்யவல்லது என்பதும் மெய்யே. ஆயின் வேறு உண்மைகளும் உள. உறைபனிக்குக் கீழே செல்லும் ஆழ்ந்த பாறைப் பிளவு வாய்க்காத பாம்பு, குளிர்காலத்தைக் கடவாது மடியும். ஆகவே அது கண்ட இடமெல்லாம் குடியேற இயலாது. மசச்சூசெற்ஸில் இதன் கடியால் ஒருவர் இறந்ததாகக் கடைசியாகக் கூறப்படுவது 1791ஆம் ஆண்டிலாகும். இன்று நஞ்சுமுறி மருந்தும் உண்டு. காட்டெலிகளை உண்டு அவற்றின் பெருக்கத்தை அடக்குவதும் இப்பாம்பே.

எனவே, காட்டு வழியே செல்வோர் செய்யத்தக்கவை எளியன: காலடியைப் பார்த்து நடத்தல், காணாத பிளவிற் கை வையாதிருத்தல், ஒலி கேட்டால் நின்று, பாம்பு இருக்கும் இடத்தை அறிந்து, மெல்ல விலகுதல், கடிபட்டால் காலந்தாழ்த்தாது மருத்துவமனையை அடைதல்.

சட்டம் கொல்லும் கையைத் தடுக்கலாம்; நடுங்கும் நெஞ்சைத் தேற்ற அதனால் இயலாது. அதற்கு அறிவே வேண்டும். அவ்வறிவும் திட்டத்துக்கு முன்னரே மக்களைச் சென்றடைதல் வேண்டும். குவாபின் கரையில் நிகழ்ந்தது உணர்த்தும் பாடம் இதுவே.