நாற்காலி முதலாளிகள் – 6: பிளாண்டாவை ஏன் தூக்கினார்கள்?

1962-இல் நியூயார்க் ஹோட்டல் அறை, ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர் பில் விங்கன்பாக், அவரோடு சேர்ந்து, நிஜ ஆட்டக்காரர்களைப் பங்குபோட்டுக் கற்பனை அணி அமைக்கும் புது விளையாட்டுக்கு விதி எழுதிய இருவர். இதெல்லாம் போன வாரமே சொல்லியாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப்பிடியுங்கள். பந்து முட்டை வடிவம், ஆட்டம் அமெரிக்கக் கால்பந்து. மெஸ்ஸி இதில் வரமாட்டார்.

ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டை நடத்துவது எப்படி என்று இந்த வாரம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். முதன்முதல் டிராஃப்டில் முதலில் எடுக்கப்பட்ட ஆள் யார் என்று ஒரு வரி சேர்க்கலாமே என்று பார்க்கப்போய், அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

1963 ஆகஸ்ட். ஓக்லாண்டில் விங்கன்பாக் வீட்டின் நிலவறை. எட்டு அணி, அணிக்கு இருபது ஆட்டக்காரர்கள். எட்டு முதலாளிகளும் கண்டவர் போனவர் அல்ல. லீக்கில் சேர மூன்று தகுதிகளில் ஒன்றாவது வேண்டும்: அமெரிக்கன் ஃபுட்பால் லீக் நிர்வாகத்தோடு தொடர்பு, அல்லது கால்பந்து பற்றி எழுதும் பத்திரிகை வேலை, அல்லது ரெய்டர்ஸின் 1963 சீசன் டிக்கெட்டுகளில் பத்து வாங்கியோ விற்றோ இருக்க வேண்டும். மூன்றாவதைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். முந்தைய ஆண்டு பதினான்கு ஆட்டங்களில் பதின்மூன்றில் தோற்ற அணி அது. அதற்கு ஒரு டிக்கெட் விற்பவனே சாமர்த்தியசாலி, பத்து விற்றவனுக்குக் கோயிலே கட்டலாம். பொழுதுபோக்கு லீக்கின் விதிமுறைக்குள்ளேயே டிக்கெட் வியாபாரத்தையும் செருகிவிட்ட விங்கன்பாக்கை நினைத்தால் மரியாதை கூடுகிறது.

சரி, முதல் ஆள். அன்றைக்கு ஊரே அறிந்த பெயர் ஜிம் பிரவுன். கிளீவ்லாண்ட் பிரவுன்ஸின் ஃபுல்பேக், இருபத்தேழு வயது, மோதுகிறவரையெல்லாம் உதறிவிட்டு ஓடுகிற மனிதர். முதலில் அவரைத்தான் எடுப்பார்கள் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் ஓக்லாண்ட் ட்ரிப்யூன் நிருபர் ஸ்காட்டி ஸ்டிர்லிங்கின் அணிக்காக உட்கார்ந்திருந்த ஆன்டி மூசலிமாஸ் சொன்ன பெயர் ஜார்ஜ் பிளாண்டா. பிரவுன் இரண்டாவதாகத்தான் போனார்.

பிளாண்டாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. சிகாகோ பேர்ஸ் அவரை வெறும் உதைப்பாளராக ஒதுக்கப் பார்த்ததால் 1959-இல் ஆட்டத்தை விட்டே போனவர். மறு ஆண்டு அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்ற புது லீக் தொடங்கியதும் ஹூஸ்டன் ஆயிலர்ஸில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்காகத் திரும்பி வந்தார். 1961-இல், எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்க்கிற டச் டவுன் பாஸ்கள் 36. 1962-இல் எதிரணியின் கையில் போய் விழுந்த பாஸ்கள் மட்டும் 42. அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை, முறியடிக்க ஆசைப்படவும் மாட்டார்கள். இப்படிப்பட்டவரையா முதலில் எடுப்பது?

மூசலிமாஸ் ஏமாந்துவிட்டார் என்று சிரிப்பவர்கள் அன்றைய விதியைப் பார்ப்பதில்லை. இன்றைய லீக்குகளில் பெரும்பாலும் ஓடிய யார்டுகளுக்கும் புள்ளி உண்டு. 1963-இல் யார்டுக்குச் சல்லிக்காசு கிடையாது. ஸ்கோர் விழுந்தால்தான் காசு. பிரவுன் நூறு யார்டு ஓடி, கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் விழுந்துவிட்டால் அவர் முதலாளிக்கு ஒன்றுமில்லை. பிளாண்டாவோ பாஸ் போட்டு டச் டவுன் ஆக்குவார். அடுத்த நிமிடம் கூடுதல் புள்ளிக்கு அவரே வந்து உதைப்பார். டச் டவுன் கிடைக்காவிட்டால் ஃபீல்ட் கோலும் அவர் கால்தான். ஒரே சட்டைக்குள் இரண்டு ஆட்டக்காரர்கள். ஒரு தேர்வுக்கு இருவர் கிடைத்தால் யார் விடுவார்கள்?

அந்த சீசனில் பிரவுன் 1,863 யார்டு ஓடித் தான் ஆடிய லீக்கில் சாதனையே படைத்தார். டச் டவுன் மொத்தம் பதினைந்து. பிளாண்டா 24 டச் டவுன் பாஸ்கள் போட்டார், உதைகள் தனி. இருவரில் யார் சிறந்த ஆட்டக்காரர் என்று கேட்டால் நான் பிரவுன் பக்கம்தான். ஆனால் டிராஃப்டில் கேள்வி அதுவல்ல. விதித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆளை எடைபோட வேண்டும். மூசலிமாஸ் அதைத்தான் செய்தார். பிளாண்டா 1967-இல் அதே ரெய்டர்ஸுக்கு வந்து, நாற்பத்தெட்டு வயது வரை ஆடினார் என்பது உபரி வேடிக்கை.

ட்ரீம் லெவனில் எல்லோரும் கோலியை எடுக்கலாமே, இங்கே ஏன் இத்தனை அடிபிடி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நம் பக்கம் உத்தி பிரிக்கும்போது சம பலமுள்ள இரண்டு பையன்கள் ஜோடி சேர்ந்து ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். தலைவன் பெயரைத்தான் கேட்பான், ஆள் அவன் அதிர்ஷ்டம். டிராஃப்டில் அந்தச் சமாதானம் இல்லை. பெயர் சொல்லி ஆளையே கேட்க வேண்டும். ஒருவர் கேட்டுவிட்டால் அந்த ஆள் மற்ற ஏழு பேருக்கும் இல்லை. அடுத்தவர் வாயைத் திறக்கும் வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

கடைசி இடக்காரருக்கும் ஒரு கோப்பை வைத்திருந்தார்கள். மரத்தில் செதுக்கிய பந்து, அதில் ஒரு முகம், தலையில் மக்குக் குல்லா. தோற்றவர் அதை வீட்டுக் கூடத்தில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி, அடுத்த சீசன் வரை வைத்திருக்க வேண்டும். மனைவிமார் என்ன சொன்னார்கள் என்பதைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை.

ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டாவது போன் வந்துவிட்டது, பக்கமும் தீர்ந்தது. இன்றைய லீக்குகள் வரிசையை எப்படிப் பிரிக்கின்றன என்பது அடுத்த வாரம், நிச்சயமாக. அதுவரை ஒரு கணக்கு: முதல் சுற்று ஒன்றிலிருந்து எட்டு வரை போகும், இரண்டாவது சுற்று எட்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பும். அப்படியென்றால் எட்டாம் இடக்காரர் அடுத்தடுத்து இருவரை எடுப்பார், முதல் இடக்காரருக்கோ நடுவில் பதினான்கு பேர் கைமாறிப் போயிருப்பார்கள். உங்களுக்கு எந்த இடம் வேண்டும் என்று எழுதுங்கள்.