எழுத்துக்கு ஒரு சொந்த இடம்

2004 மார்ச்சில் சீனாவின் வலைப்பூ சேவைகள் சில அடுத்தடுத்து மூடப்பட்டன. அரசுக்கு உறுத்தலான பதிவு ஒன்றிரண்டுதான் இருந்திருக்கும். ஆனால், அங்கே சமையல் குறிப்பு எழுதியவரின் பக்கமும் சேர்ந்தே இருண்டது. பிறகு சேவைகள் திரும்பின என்றாலும், ஷாங்காயைச் சேர்ந்த மென்பொருள் வடிவமைப்பாளர் ஐசக் மாவோவுக்கு அது போதவில்லை.

அவர் சீனாவின் முதல் வலைப்பதிவர்களில் ஒருவர். 2002இல், ஃபூஜியான் மாகாணத்து ஆசிரியர் ஒருவருடன் சேர்ந்து ‘சிஎன்பிளாக்’ தளத்தைத் தொடங்கினார். சீனத்தில் வலைப்பூ எழுதியவர்கள் அன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. 2005 நவம்பரில் ஷாங்காயில் பதிவர்களின் முதல் மாநாடு நடக்கவும் அவர் முன்னின்றார்.

கருத்துச் சுதந்திரம் வேண்டும் என்று பலரும் பேசினார்கள். மாவோ கேட்ட கேள்வி வேறு: உங்கள் எழுத்து எந்த சர்வரில் இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது? ஒரு பொறியாளரிடமிருந்தே வரக்கூடிய கேள்வி இது. அவரை நான் மதிப்பதும் இதற்காகத்தான். எல்லாத் தளங்களும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதி 2005இல் வந்தபோது, வெளிநாட்டில் சர்வர் வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு சீனப் பதிவரைத் தத்தெடுத்து இடம் கொடுக்கலாம் என்றார்.

அந்த ஆண்டின் கடைசி நாட்களிலேயே அவருடைய கவலை மெய்யானது. சீனப் பத்திரிகையாளர் மைக்கேல் ஆன்டியின் வலைப்பூவை மைக்ரோசாஃப்ட் நீக்கியது. சர்வர் அமெரிக்காவில்தான் இருந்தது. சாவி நிறுவனத்தின் கையில் இருந்தது. வலைப்பூவை நீக்கும்படி சீன அதிகாரிகள் கேட்டவுடன் நிறுவனம் பணிந்தது.

2006இல் கூகுளும் தணிக்கைக்கு உட்பட்ட தேடல் தளத்தைச் சீனாவில் திறந்தது. மறுஆண்டு அதன் நிறுவனர்களுக்கு மாவோ பகிரங்கக் கடிதம் எழுதினார். தணிக்கையைத் தாண்டும் கருவிகளை உருவாக்கித் தாருங்கள் என்பது அதில் ஒரு கோரிக்கை. பகிர்வதற்குத் தடை கூடாது என்று அவர் நினைத்ததற்குக் காரணம் உண்டு. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி பகிர்வதால்தான் சிந்தனை பிறக்கிறது; மனிதர்களும் அப்படித்தான் என்பது அவருடைய ‘ஷேரிசம்’ கருத்து. பகிர்வை வெறும் தாராள குணமாக அவர் பார்க்கவில்லை, அறிவு வேலை செய்யும் முறையாகவே பார்த்தார்.

2010 மார்ச்சில் கூகுள் தணிக்கைக்கு உட்பட்ட அந்தத் தேடலைக் கைவிட்டு, பயனர்களை ஹாங்காங் தளத்துக்குத் திருப்பிவிட்டது. மாவோ கேட்டிருந்த தடை தாண்டும் கருவியைச் சீனர்கள் தாங்களே எழுதிக்கொண்டார்கள். 2012இல் ஒரு சீன நிரலாளர் ‘ஷேடோசாக்ஸ்’ கருவியை மூல நிரலோடு பொதுவில் வைத்தார். 2015இல் போலீஸார் தேடிவந்த பிறகு அதை அவர் நீக்கிவிட்டார். அதற்குள் பிரதி எடுத்திருந்தவர்கள் தொடர்ந்து மேம்படுத்தினார்கள்.