'டிக் டிக்' சத்தமும் காற்றுக் குழாயும்

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் புறப்பட்டோம். தெலுக் இந்தானிலிருந்து லங்காப், பீடோர் வழியாகத் தாப்பா வரை என் பழைய சாகா இஸ்வரா சமர்த்தாகவே ஓடியது. லாத்தா இஸ்கந்தர் அருவியைத் தாண்டி மலை ஏறும்போதுதான் வந்தது வினை. எண்ணெயை அமுக்கினால், தகர டப்பாவில் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்கியது போல இஞ்சினுக்குள் ஒரு 'டிக் டிக்' சத்தம். "என்னங்க, காடி இருமுதே!" என்றாள் என் மனைவி.

ஊர் திரும்பியதும் சாய்ந்த மணிக்கூண்டுப் பக்கம் உள்ள ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி போனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இஞ்சினுக்கு மூச்சு முட்டுது. இந்தக் கறுப்புப் பெட்டியைக் கழற்றிப் போட்டுட்டு ஓப்பன் ஃபில்டர் மாட்டினா சூடும் குறையும், சத்தமும் போயிடும்" என்றார். நூற்று எண்பது வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன். கூம்பு போல ஒரு சிவப்பு வடிகட்டி வந்து உட்கார்ந்தது. காடியின் உறுமலைக் கேட்டு லயத்துப் பையன்கள் ஓடி வந்து பார்த்தார்கள். 'டிக் டிக்' மட்டும் போகவில்லை. பட்டணத்து நெரிசலில் நின்று புறப்படும்போது முன்னைவிட மோசமாகக் கேட்டது.

பணமும் போய்ச் சத்தமும் போகாததால், வாத்தியார் புத்தி விழித்துக்கொண்டது. இந்தச் சத்தம் ஏன் வருகிறது?

காய்ந்த லாலாங் காட்டில் ஓர் ஓரத்தில் தீ வைத்தால், தீ வரிசையாகப் பரவிக்கொண்டே போகும். சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் வைக்கும் நெருப்பும் அப்படித்தான் பரவ வேண்டும். அந்த நெருப்பு போய்ச் சேரும் முன்பே, மறு ஓரத்தில் அழுத்தத்தாலும் சூட்டாலும் தகித்துக்கொண்டிருக்கும் எண்ணெய்க் கலவை தானாகவே குபீரென்று பற்றிக்கொண்டால், அந்த அதிர்ச்சிதான் நமக்கு 'டிக் டிக்' என்று கேட்கிறது. இதைத் 'தட்டல்' என்பார்கள். நாள்பட விட்டால் பிஸ்டனே ஓட்டையாகிப்போகும்.

இது நூறாண்டுக்கு மேற்பட்ட தலைவலி. 1921-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் தட்டல் அடங்கும் என்று கண்டார். தட்டல் அடங்கியது, காற்றில் நஞ்சு கலந்தது. ஈயம் கலந்த பெட்ரோலைக் கடைசியாகக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, அதுவும் 2021-ல்தான். எண்ணெய் நிலையத்தில் நாம் பார்க்கும் 'ரோன் 95' என்பதும் தட்டலைத் தாங்கும் சக்திக்கு உரிய எண்ணே. ஐசோஆக்டேன் 95 பங்கும் ஹெப்டேன் 5 பங்கும் சேர்ந்த கலவை எவ்வளவு தாங்குமோ, அந்தப் பெட்ரோலும் அவ்வளவு தாங்கும்.

உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் தட்டல் சீக்கிரம் வரும். அப்படியானால் என் சிவப்புக் கூம்பு எந்தக் காற்றைக் குடிக்கிறது? மீன் தொட்டிக்கு விற்கிற, நீண்ட கம்பி உள்ள சின்ன வெப்பமானி ஒன்றை வாங்கி, கம்பியை வடிகட்டிப் பக்கம் கட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். வெளியே 33 டிகிரி. சமிக்ஞை விளக்கில் சற்று நேரம் நின்றபோது போனட்டுக்குள் 58! ரேடியேட்டரும் புகைக்குழாயும் கக்குகிற அனலைத்தான் இஞ்சின் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது. அத்தனை சூட்டில் காற்றின் அடர்த்தியும் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு குறைந்துபோகும். இழுவைச் சக்தியும் அதோடு குறையும். உறுமல் கூடியதால் சக்தி கூடியதாக எனக்குத் தோன்றியது காதின் மயக்கமே.

ஆகவே, புதிதாக வாங்க விரும்புகிறவர்கள் கூம்பின் நிறத்தைப் பார்க்க வேண்டாம். வடிகட்டியைச் சுற்றி மூடிய பெட்டி இருக்கிறதா, அதன் குழாய் வாய் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று வெளிக்காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள். பளபளக்கும் அலுமினியக் குழாய் அழகுதான். ஆனால் நிற்கும் காடியில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர், பிளாஸ்டிக் குழாயே மேல்.

குளிர்ந்த காற்று வேண்டுமென்று குழாய் வாயைப் பம்பருக்கு அடியில் தாழ்த்தி வைக்கும் வகையும் உண்டு. நம் ஊருக்கு அது ஆகவே ஆகாது. பெருமழையும் ஆற்றின் ஏற்றமும் சேர்ந்தால் தெலுக் இந்தான் சாலைகளில் தண்ணீர் நிற்பது நமக்குப் புதிதா? குழாய் ஒரு மடக்குத் தண்ணீரை இழுத்துவிட்டால், தண்ணீரை அழுத்த முடியாமல் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். இஞ்சினே போயிற்று.

செம்பனைக் காட்டு மண் சாலையில் தினமும் போகிறவர்களுக்குச் சாதாரணக் காகித வடிகட்டியே போதும். அடிக்கடி மாற்றினால் சரி. எண்ணெய் பூசிய பஞ்சு வடிகட்டியைக் கழுவி மறுபடி உபயோகிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எண்ணெய் அதிகமானால், சில புதுக் காடிகளில் காற்றை அளக்கும் நுண்ணிய கம்பியில் அது படிந்து கோளாறு செய்யும்.

இன்னொன்று. எந்தக் காற்றுக் குழாயும் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் குறைக்காது. முள் சிவப்பை நோக்கி ஏறினால் ரேடியேட்டர், காற்றாடி, தெர்மோஸ்டாட், தண்ணீர்ப் பம்பு இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

என் கதை எப்படி முடிந்தது என்கிறீர்களா? கழற்றிய கறுப்புப் பெட்டியை நல்ல வேளையாக வீசவில்லை. வேறொரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த வயதான சீனத் தவுக்கே பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். முன்பக்கத்துக் காற்றைப் பெட்டிக்குக் கொண்டுவரும் மடிப்புக் குழாயையே காணோம்! எந்தக் காலத்திலோ, யாரோ சர்வீஸ் செய்தபோது கழற்றி மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். பெட்டியும் இத்தனை காலம் அனலைத்தான் குடித்திருக்கிறது. குழாய்க்குப் பன்னிரண்டு வெள்ளி. டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது திருப்பி, முந்திக்கொண்டிருந்த ஸ்பார்க் நேரத்தையும் சரி செய்து கொடுத்தார்.

அடுத்த விடுமுறையில் மறுபடி மலை ஏறினோம். ரிங்லெட்டுக்கு முன் ஒரு செங்குத்தான வளைவில் மட்டும் இலேசாக 'டிக்' என்றது. மூன்றாம் கியரிலேயே இழுத்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கு மாற்றியதும் அதுவும் நின்றது. சிவப்புக் கூம்பு இப்போது எங்கள் வீட்டு அலமாரியின் மேல் இருக்கிறது. விலைக்குக் கேட்ட லயத்துப் பையனிடம், குழாயோடு மூடிய பெட்டி ஒன்றையும் செய்துகொள்வதானால் சும்மாவே தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.