கோரிக்கையின் தலைச்சுமை: வழங்கிகள் எவ்வளவு தாங்கும்?

பரீட்சைப் பெறுபேறுகள், வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு விண்ணப்பம், நாளாந்தச் செய்தி என மக்களின் தேவைகள் பலவும் இன்று இணையத்தளங்களின் ஊடாகவே நிறைவேறுகின்றன. இத்தளங்கள் முடங்கும்போது பாவனையாளர்கள் கூட்டம் அதிகமாகிவிட்டது என்றோ, எவரோ ஊடுருவிவிட்டனர் என்றோ கருதுவதே வழமை. ஆயினும் கூட்டமும் ஊடுருவலும் இல்லாமலேயே ஒரு தளம் ஒருவருக்கு மட்டும் கதவடைக்கக் கூடும். ஒரே ஒரு கோரிக்கையினால் எல்லோருக்கும் கதவடைக்கவும் கூடும். இவற்றுக்குக் காரணமாகும் விடயங்களுள் ஒன்று, கோரிக்கையின் தலைப்பகுதி அளவுக்கு மீறிப் பெருப்பதாகும்.

உலாவியில் ஒரு முகவரியைத் தட்டச்சுச் செய்ததும், சேர்வர் எனப்படும் வழங்கிக்கு ஒரு கோரிக்கை செல்கிறது. அதனை ஒரு கடிதத்துக்கு ஒப்பிட்டால், உறையின் மேல் எழுதப்படும் விபரங்களே ஹெடர் எனப்படும் தலைப்பகுதியாகும். எந்தப் பக்கம் வேண்டும், எந்த மொழியில் வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார், ஏற்கனவே உள்நுழைந்தவரா என்பன போன்ற விபரங்கள் அதில் வரி வரியாக அடங்கியுள்ளன. இவற்றுள் பெரிதும் இடம்பிடிப்பவை 1994 ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் உருவான குக்கீகள் ஆகும்.

இந்த உறை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? எச்.ரி.ரி.பி. நியமம் இதற்குத் திட்டவட்டமான உச்ச எல்லை எதனையும் விதிக்கவில்லை. எனவே ஒவ்வொரு வழங்கி மென்பொருளும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டுள்ளது. அப்பாச்சியில் ஒரு தலைப்பு வரிக்கு 8190 பைற்றுகள் என்பதும் மொத்தம் 100 வரிகள் என்பதும் இயல்பான எல்லைகள். என்ஜின்எக்ஸ் 8 கிலோபைற் கொண்ட நான்கு இடங்களை ஒதுக்குகிறது. எந்தவொரு வரியும் ஓர் இடத்தை மீறலாகாது. மைக்ரோசொப்ட் வழங்கிகளில் இயல்பான எல்லை 16 கிலோபைற் ஆகும்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. 2011 இல் வெளியான குக்கீ நியமம், ஒரு குக்கீ 4096 பைற்றுகள் வரை இருப்பதற்கும் ஒரு தளத்துக்கு 50 குக்கீகள் வரை சேர்வதற்கும் உலாவிகள் இடமளிக்க வேண்டும் என்கிறது. ஆனால் பரவலாகப் பயன்படும் எச்.ரி.ரி.பி. 1.1 முறையில் அக்குக்கீகள் அனைத்தும் ஒரே வரியாகவே வழங்கியைச் சென்றடைகின்றன. முழு அளவிலான இரண்டு குக்கீகள் சேர்ந்தாலே 8190 என்ற எல்லை நெருங்கிவிடும். மூன்றாவது அதனை நிச்சயம் கடந்துவிடும். உலாவி சேமிக்கச் சம்மதித்ததை வழங்கி வாங்க மறுக்கிறது. அப்போது பாவனையாளர் காண்பது 'பிழையான கோரிக்கை' என்ற 400 ஆம் இலக்க அறிவிப்பு மட்டுமே. அவர் மீண்டும் மீண்டும் முயன்றாலும் அதே குக்கீகளே செல்வதால் அதே பதிலே கிடைக்கும். தள நிர்வாகியோ தமது கணினியில் பார்த்துவிட்டு, தளம் நன்றாகவே இயங்குகிறது என்பார். இருவர் கூறுவதும் உண்மை என்பதே இதிலுள்ள வேதனை.

பெரிய நிறுவனங்களின் உள்ளக வலையமைப்புகளிலும் இது நிகழ்கிறது. ஓர் ஊழியர் பல குழுக்களில் உறுப்பினராக இருக்கும்போது அவரது அடையாளத்தை உறுதிப்படுத்தும் கேர்பரோஸ் சீட்டு பெருத்து, தலைப்பகுதியின் எல்லையை மீறிவிடுகிறது. இதற்கெனவே மைக்ரோசொப்ட் தனியான வழிகாட்டலை வெளியிட்டுள்ளமை குறிப்பிடத்தக்கது.

தமிழைப் பயன்படுத்தும் எமக்கு இதில் மேலதிகமான ஒரு கவலையும் உண்டு. யூனிக்கோட் முறையில் ஆங்கில எழுத்தொன்று ஒரு பைற்றில் அடங்க, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைற்றுகளைப் பிடிக்கிறது. முகவரியில் அது செல்லும்போது ஒவ்வொரு பைற்றும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்துகளாக மாற்றப்படுகிறது. 'இலங்கை' என்ற சொல்லில் ஆறு குறியீடுகள் உள்ளன. முகவரியில் அது 54 எழுத்துகளாகிவிடும். சிங்களத்துக்கும் இதே கணக்குத்தான். அரபு எழுத்தொன்று ஆறு இடங்களைப் பிடிக்கும். நீண்ட தமிழ்த் தலைப்பை முகவரியாகக் கொண்ட ஒரு பக்கத்திலிருந்து அதே தளத்தின் இன்னொரு பக்கத்துக்குச் செல்லும்போது, முந்திய முகவரியும் தலைப்பகுதியில் சேர்ந்தே பயணிக்கிறது. ஆகவே ஆங்கில எழுத்துகளை மட்டும் கொண்டு பரிசோதித்த ஒரு தளம் தமிழ் வாசகருக்கும் ஏற்றது என்று கூறிவிட முடியாது.

அப்படியானால் எல்லையைத் தாராளமாக உயர்த்திவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அது ஆபத்தானது. நோட் ஜே.எஸ். மென்பொருள் முன்னர் ஏறத்தாழ 80 கிலோபைற் வரை ஏற்றுக்கொண்டது. பத்தாயிரம் இணைப்புகள் ஒரே வேளையில் அவ்வளவு பெரிய தலைப்பகுதியை அனுப்பினால் 800 மெகாபைற் நினைவகம் அதற்கே போய்விடும். இவ்வாறு வழங்கியை வீழ்த்த முடியும் எனக் கண்டறியப்பட்டதால் 2018 நவம்பரில் அந்த எல்லை 8 கிலோபைற்றாகக் குறைக்கப்பட்டது. அடுத்த மாதமே அதனை மாற்றியமைக்கும் வசதி வழங்கப்பட்டதும், 2020 இல் இயல்பு எல்லை 16 கிலோபைற்றாக உயர்த்தப்பட்டதும், சரியான அளவைக் காண்பது எவ்வளவு கடினம் என்பதையே காட்டுகின்றன.

அளவு மட்டுமன்றி நேரமும் முக்கியமானது. 2009 இல் வெளிவந்த சுலோலோரிஸ் என்ற தாக்குதல் முறை, தலைப்பகுதியைச் சிறிது சிறிதாக அனுப்பி, அதனை முடிக்காமலேயே வழங்கியைக் காத்திருக்க வைத்தது. 2024 ஏப்ரலில் வெளிப்படுத்தப்பட்ட இன்னொரு குறைபாடு எச்.ரி.ரி.பி. 2 முறை சார்ந்தது. தலைப்பகுதியின் தொடர்ச்சியை முடிவின்றி அனுப்பிக்கொண்டே இருந்தால், பல வழங்கி மென்பொருள்கள் எல்லை பாராமல் அதனை வாங்கிக்கொண்டிருந்தன. சில மென்பொருள்களை வீழ்த்த ஒரே ஓர் இணைப்பே போதுமானதாக இருந்தது.

எனினும் இவை எல்லாவற்றிலும் பார்க்கச் சிந்திக்க வைப்பது, 2019 இல் ஜேர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் வெளியிட்ட கண்டுபிடிப்பாகும். பெரிய தளங்களின் பக்கங்களை இடையிலுள்ள விநியோக வலையமைப்புகள் பிரதியெடுத்து வைத்து வாசகர்களுக்கு வழங்குகின்றன. அந்த இடைநிலையின் எல்லை பெரிதாகவும் மூல வழங்கியின் எல்லை சிறிதாகவும் இருந்தால் என்ன நடக்கும்? இடைநிலை அனுமதித்த கோரிக்கையை மூல வழங்கி மறுத்துப் பிழை அறிவிப்பை அனுப்பும். இடைநிலை அந்த அறிவிப்பையே பக்கத்தின் பிரதி எனச் சேமித்து, அடுத்து வருவோர் அனைவருக்கும் வழங்கிவிடும். இவ்வாறு ஒரே கோரிக்கையால் ஒரு பக்கத்தையே மறைத்துவிடலாம். இதனை ஏற்றுக்கொண்ட அமேசன் நிறுவனம், 400 ஆம் இலக்கப் பிழைகள் இயல்பாகச் சேமிக்கப்படுவதை நிறுத்தியது.

ஆகவேதான் பரிசோதனை அவசியமாகிறது. அது பெருஞ்செலவு பிடிக்கும் விடயமுமன்று. கேர்ல் போன்ற இலவசக் கருவியொன்றின் மூலம், ஒரு பரிசோதனை வரியை 1, 2, 4, 8, 16, 32 கிலோபைற் என இரட்டித்துக்கொண்டே அனுப்பலாம். எங்கு மறுக்கப்படுகிறதோ, அதற்கும் முந்திய அளவுக்கும் இடையைப் பாதி பாதியாகப் பிரித்துச் சென்றால் சரியான எல்லை சில முயற்சிகளிலேயே தெரிந்துவிடும். ஒரே நீண்ட வரி, நூற்றுக்கு மேற்பட்ட சிறு வரிகள், நீண்ட தமிழ் முகவரி, முடிவுறாத தலைப்பகுதி ஆகிய நான்கையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு தடவையும் மூல வழங்கியை நேரடியாக ஒரு தடவையும் சோதித்தால், இரு எல்லைகளுக்கும் இடையிலான வேறுபாடு வெளிப்படும்.

மறுப்பதே தவறல்ல; எவ்வாறு மறுக்கிறது என்பதே கேள்வி. தலைப்பகுதி மிகப் பெரிது என்பதைத் தெளிவாகக் கூறுவதற்கெனவே 431 என்ற இலக்கம் 2012 இல் வகுக்கப்பட்டது. அவ்வாறான தெளிவான பதில் வருகிறதா, பதிவேட்டில் காரணம் எழுதப்படுகிறதா, நினைவகம் நிலையாக உள்ளதா, அடுத்து வரும் சாதாரண கோரிக்கைக்குச் சரியான பக்கம் கிடைக்கிறதா என்பவற்றை அவதானிக்க வேண்டும். வழங்கி நிலைகுலைந்தாலோ, பிழை அறிவிப்பு அடுத்தவருக்கும் கிடைத்தாலோ உடனடித் திருத்தம் தேவை.

இப்பரிசோதனை தமக்குரிய வழங்கியில், அதுவும் பொதுமக்கள் பயன்படுத்தாத மாதிரியொன்றில் மாத்திரமே செய்யப்பட வேண்டும் என்பதையும் நாம் வலியுறுத்த விரும்புகிறோம். அனுமதியின்றிப் பிறரது கணினியில் கைவைப்பதை 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாகவே கருதுகிறது.

புதிய தளங்களைத் திறந்து வைப்பதில் காட்டப்படும் ஆர்வம், அவற்றைச் சோதித்துப் பார்ப்பதிலும் காட்டப்பட வேண்டும். முதல் நாள் நன்றாக இயங்கிய தளம், குக்கீகள் சேரச் சேரச் சில மாதங்களின் பின்னர் ஒரு சிலருக்கு மட்டும் மௌனமாகக் கதவடைக்கலாம். பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாணவரோ, விண்ணப்பத்தின் இறுதித் திகதியை எதிர்நோக்கும் முதியவரோ குக்கீ என்றால் என்னவென்று அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அதனை அறிந்திருக்க வேண்டியவர்கள், தளத்தை அமைத்தவர்களும் அதற்குப் பொறுப்பானவர்களுமே ஆவர்.